அம்மா அடுக்கிய பெட்டி

மூதூர் லோஞ்சில், அந்தப் பயணிகள் படகில், போய்வந்த நாட்கள் என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. இறங்குதுறையின் பாசி வழுக்கும் படி, டீசல் புகை, ஏறியவுடனேயே தலையைப் பிடித்துக்கொண்டு வாந்திக்கு ஆயத்தமாகும் யாரோ ஒரு மாமி, கோழியைக் காலில் கட்டித் தலைகீழாகத் தூக்கிவரும் யாரோ ஒரு ஐயா. இப்போது பாலங்களால் பஸ் போகிறது. என் கடைக்குட்டி மகளுக்கு, எங்கள் ஊருக்கும் மூதூருக்கும் நடுவில் கிடக்கும் கொட்டியாரக் குடா என்றால் யன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர், அவ்வளவுதான்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு தகர றங்குப்பெட்டியோடு என்னை அந்த லோஞ்சில் ஏற்றி அனுப்பினார்கள். பெட்டியை அடுக்கியவர் அம்மா. அது ஒரு குறையும் இல்லாமல் அடுக்கப்பட்டிருந்தது. அதுதான் இவ்வளவு காலமும் என் மனதுக்குள் கிடந்த முள். ஒழுங்காக அடுக்கிய பெட்டி எப்படி முள்ளாகும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கூட்டத்தில் எழுந்து கதைக்கிற பழக்கம் எனக்கில்லை. செபக் கூட்டத்தில் வாசிக்க என் முறை வந்தாலும் புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்தத் தைரியம்தான்.

எங்கள் வீடு துறைமுகத்துக்குப் போகும் வீதிக்குப் பின்னால், கோயிலுக்குக் கிட்ட இருந்தது. அப்பாவுக்கு இழுவைப் படகில் வேலை. கப்பல் வந்தால் நேரகாலம் பார்க்காமல் கூப்பிடுவார்கள். மற்றது அம்மாவும் நானும். வேலிக்கு அந்தப் பக்கம் கிண்ணியாவிலிருந்து வாழவந்த ஒரு மாமி இருந்தார். அவருக்கும் எங்களுக்கும் வேதம் வேறு, அவர் முஸ்லிம், நாங்கள் கத்தோலிக்கர்; ஆனாலும் வேலியில் ஆள் நுழையும் கடப்பு ஒன்று இருந்தது. அந்தக் கடப்பால் கறிவேப்பிலை போகும், வட்டிலப்பம் வரும்.

அம்மாவுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் வைக்கும் சூடைமீன் தீயலுக்காகவே அப்பாவின் கூட்டாளிகள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து நின்று கதை வளர்ப்பார்கள். ஆனால் அந்தத் தீயல் எப்போது ஆகும் என்பது ஒருவருக்கும் தெரியாது. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு விறகு எடுக்கப் போவார். போகிற வழியில் கொடியில் துவாய் காய்ந்திருக்கும். அதை எடுத்து மடிக்க உள்ளே வருவார். அலுமாரி திறந்திருக்கும். அதற்குள் எதையாவது கண்டு அதோடு நின்றுவிடுவார். அரிசி தண்ணீருக்குள் கிடக்கும், அடுப்பு பற்றாமல் கிடக்கும். ஊறப்போட்ட உடுப்பு மணக்கத் தொடங்கிய பிறகுதான் ஞாபகம் வரும். பூட்டுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே திறப்பைத் தேடுவார். நான் பல நாள் ஒரு காலில் வெள்ளைக் காலுறையும் மற்றக் காலில் மஞ்சள் பிடித்த காலுறையுமாகப் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். பிடிபட்டால் அம்மா முதலில் சிரிப்பார். பிறகு சிரிப்பு நின்றுபோய், வீட்டின் நடுவில் கையைத் தொங்கவிட்டபடி நிற்பார். அந்த நிற்றல்தான் எனக்குப் பயம்.

அதற்கு எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. அம்மாவின் அக்கா, மூதூரில் இருந்த என் பெரியம்மா, சோம்பல் என்பார். எதிர்வீட்டு அக்கா கண்ணூறு, நாவூறு என்பார். கோயிலில் பங்குச் சுவாமி, விடிய எழும்பிப் பழகினால் சரிவரும் என்றார். அம்மா விடிய எழும்பித்தான் இருந்தார். எழும்பிய பிறகுதான் அவருக்குக் கஷ்டமே தொடங்கும்.

அந்த வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்கூடம் போகாமல் நின்ற ஒரு நாள், அறையில் தனியே படுக்கப் பிடிக்காமல் அம்மா சமைக்கும் குசினிக்குள் போய்ச் சுவரோரம் பலகைக்கட்டையில் இருந்தேன். பலகைக்கட்டை என்றால் தெரியும்தானே, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும் மர ஆசனம். எங்களுடையது முதிரை மரம், நடுவில் ஒரு கணு, இருந்து இருந்து கண்ணாடி போல வழுவழுப்பாகியிருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. சுவரில் சாய்ந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில் மத்தியான மணி அடித்தபோது சோறு, கறி, சம்பல், எனக்குக் கஞ்சி எல்லாம் ஆகியிருந்தன. அம்மா அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அடுப்பைப் பார்த்தார்.

"எல்லாம் முடிஞ்சுதடி!" என்றார். யாரோ வந்து செய்துவிட்டுப் போனதுபோல.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூப்பிட்டார். "பிள்ளை, கொஞ்சம் வந்து இரு."

"வெங்காயம் உரிக்கட்டோ அம்மா?"

"வேண்டாம். ஒண்டும் செய்ய வேண்டாம். இரு. இருந்தாக் காணும்." இருந்தால் போதுமாம்.

இருந்தேன். வேலை ஓடியது. அதிலிருந்து பின்னேரங்களில் அது என் இடமாகியது. நடுவில் நான் எழும்பி வேலிப்பக்கம் போனால் உள்ளே அகப்பைச் சத்தம் மெல்ல ஓயும். திரும்பி வந்து இருந்தால் மறுபடி தொடங்கும். அம்மா என்னை வேலை வாங்கியதே இல்லை. பள்ளிக்கூடக் கதை கேட்பார், கறிக்கு உப்புப் பார்க்கச் சொல்வார், அவ்வளவுதான். இதை நாங்கள் இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? சோறாக்க ஒரு பெரிய மனுசிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை இருக்க வேண்டும் என்றால் சிரிக்க மாட்டார்களா?

ஒக்டோபர் வந்தது. செபமாலை மாதம். எங்கள் பங்கில் அந்த மாதம் முழுவதும் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும், இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு. பின்னேரத்தில் பாட்டோடும் மெழுகுதிரியோடும் தூக்கிவருவார்கள். வரவேற்கும் வீட்டில் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்துப் பூ வைத்திருக்க வேண்டும். செபம் முடிந்ததும் வந்தவர்களுக்கு அவித்த கடலையும் தேத்தண்ணியும் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டின் மானம் அந்தப் பின்னேரத்தில் இருந்தது. யார் கடலைக்குத் தேங்காய்ச்சொட்டுப் போட்டார்கள், யார் போடவில்லை என்ற கதை அடுத்த ஒக்டோபர் வரைக்கும் ஓடும்.

எங்கள் முறை ஒரு சனிக்கிழமை வந்தது. பெரியம்மாவும் பின்னேர லோஞ்சில் வருவதாகச் சொல்லியிருந்தார். பிரச்சினை என்னவென்றால், சொரூபத்துக்கு முன்னால் பூத் தூவிப்போகும் பிள்ளைகளில் என்னையும் கோயில் சிஸ்டர் சேர்த்திருந்தார். காலையிலிருந்தே கோயிலில் நிற்க வேண்டும். அப்பா வேலைக்குப் போய்விட்டார். வெள்ளைச் சட்டையோடு நான் படலையைத் திறக்கும்போது அம்மா என் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"எப்ப பிள்ளை வருவாய்?"

"மாதாவோடதான் அம்மா."

"ஓம் ஓம்," என்றார். "போட்டு வா."

நான் பூத்தட்டோடு முன்னால் வந்ததால் எங்கள் வீட்டை முதலில் கண்டது நான்தான். வாசல் விரியத் திறந்திருந்தது. யன்னல் சீலைகள் கழற்றப்பட்டு நிலத்தில் குவிந்து கிடந்தன. கடதாசிப்பூ மாலை பாதி ஆணியில், பாதி தொங்கலில். கதிரைகள் எல்லாம் முற்றத்தில். நிலத்தில் ஒரு பாதி கழுவி ஈரமாக, மறுபாதி புழுதியாக. மேசையில் சருவச்சட்டி நிறையக் கடலை ஊறிப் பொருமிப்போய் இருந்தது. வெள்ளைத் துணி வாளிக்குள் கிடந்தது. இவ்வளவுக்கும் நடுவில் அம்மா, வீட்டுச் சட்டையோடு, அவிழ்ந்த தலையோடு, கையில் விளக்குமாறோடு நின்றார்.

பாட்டு ஒரேயடியாக நிற்கவில்லை. முன்னால் இருந்து பின்னாலாக ஒவ்வொரு குரலாகக் குறைந்தது. சொரூபத்தைத் தூக்கிவந்த கோயில் மூப்பர் வாசற்படியில் நின்று கேட்டார்.

"எங்க பிள்ளை வைக்கிறது? பாரமாக் கிடக்கு."

அம்மா மேசையைப் பார்த்தார். திடீரென்று அறைக்குள் ஓடினார். அலுமாரிக் கதவு அடிபடுகிற சத்தம் கேட்டது. வந்தபோது கையில் அவருடைய கலியாணக் கூறைச் சேலை. தையல் மெசினுக்கு மேல் அதை உதறி விரித்தார். அரக்குச் சிவப்பும் சரிகையும் மெழுகுதிரி வெளிச்சத்தில் பளபளத்தன.

"இதில வையுங்கோ."

வேலிக்கு அப்பாலிருந்து கிண்ணியா மாமியின் குரல்தான் கேட்டது. "இந்த ஊர்ல மாதாவுக்குக் கூறை விரிச்ச வூடு வேற எது இரிக்கி? சொல்லுங்க பாப்பம்!" யாரோ சிரித்தார்கள். எல்லோரும் மூச்சு விட்டது போலிருந்தது. செபம் நடந்தது. முடியும் நேரம் பார்த்து மாமி தன் வீட்டு பிஸ்கட் டின்னை வேலிக்கு மேலால் நீட்டினார். அன்று எங்கள் வீட்டுச் செபமாலைக்கு முஸ்லிம் வீட்டு பிஸ்கட்தான்.

அதற்குள் லோஞ்சால் வந்து சேர்ந்திருந்த பெரியம்மா கூறையைப் பார்க்கவில்லை. வாளிக்குள் கிடந்த வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை விசாரணை தொடங்கியது.

"நேற்று முழுக்க நீ என்ன செய்தனி?"

"எல்லாம் செய்தனான் அக்கா."

"எல்லாம் செய்தாவாம். கடலை?"

"ஊறப்போட்டனான்."

"கதிரை?"

"கழுவுவம் எண்டு வெளிய எடுத்தனான்."

"எல்லாத்தையும் தொடங்கிப்போட்டு நடுவில நிண்டிருக்கிறாய், சந்தியில நிக்கிற பொலிஸ்காரன் மாதிரி. அவனெண்டாலும் கையைக் காட்டுவான்!"

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் பிழை. பெரியம்மாவுக்குக் கோபம் ஏறியது. குசினிக்குள் வந்தவர், புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு பலகைக்கட்டையில் இருந்த என்னைக் கண்டார்.

"பிள்ளைக்குக் குசினியில என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லை அக்கா. சும்மா இருக்கிறாள்."

"சும்மாவோ? படிக்கிற பிள்ளையை வேலைக்காரியாக்கி வச்சுக்கொண்டு சும்மாவாம்!"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெரியவர்கள் மூன்று பேர் ஒரேயடியாக என்னைப் பார்த்தார்கள், நான் என் பெருவிரலைப் பார்த்தேன். சின்னவயதிலேயே நான் அப்படித்தான்.

பெரியம்மா அப்பாவிடம் திரும்பினார். "தம்பி, வாடைக்காத்து தொடங்கினா லோஞ்சு ஓடாது. அதுக்கு முந்தி, வாற சனிக்கிழமை நான் வந்து பிள்ளையைக் கொண்டுபோறன். பள்ளிக்கூடம் வீட்டுக்கு முன்னால கிடக்கு. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு நித்திரை. இங்க இருந்தா பிள்ளையும் தாயை மாதிரித்தான் வருவாள்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பாதி கழுவிய நிலத்தைப் பார்த்தார்.

"அக்கா சொல்லுறது சரிதான்," என்றார் அம்மா.

வெறும் றங்குப்பெட்டி என் கட்டிலில் வாயைத் திறந்தபடி கிடந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று அப்படியே கிடந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அம்மாவால் அந்தப் பெட்டியை அடுக்க ஏலாது. பெட்டி இல்லாமல் பெரியம்மா என்னைக் கொண்டுபோக மாட்டார். லோஞ்சு போய்விடும், வாடை தொடங்கிவிடும், பிறகு மழைக்காலம் முழுவதும் நான் அம்மாவோடுதான். அந்தக் கிழமை நான் பலகைக்கட்டைப் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டும் வீட்டுக்குப் போகாமல் கோயிலுக்குள் போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். மாதாவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: அம்மா நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது பெட்டி மூடி வார் போட்டுக் கட்டப்பட்டிருந்தது.

சனிக்கிழமை வந்த பெரியம்மா நம்பாமல் அதைத் திறந்து பார்த்தார். மேலே மடிப்புக் குலையாமல் பள்ளிக்கூடச் சட்டைகள். போன மாதம் விழுந்த பொத்தான் தைக்கப்பட்டிருந்தது. காலுறைகள் சோடி சோடியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. நல்லெண்ணெய்ப் போத்தல் துவாயில் சுற்றியிருந்தது. செபப் புத்தகம், சீப்பு, பற்பொடி. என் பொம்மைக்குக்கூட ஒரு மாற்றுச் சட்டை.

"பாத்தியளே தம்பி!" என்று பெரியம்மா அப்பாவைக் கூப்பிட்டார். "ஏலாமல் இல்லை. மனமில்லை. மனம் வச்சாச் செய்வாள்."

முள் அந்தச் சொல்தான். கூறை விரித்த நாளுக்கு மனம் வரவில்லை; என் காலுறைக்கு ஒருநாளும் மனம் வரவில்லை; என்னை அனுப்பும் பெட்டிக்கு மட்டும் மனம் வந்தது. எட்டு வயதில் அந்தக் கணக்கை நான் அப்படித்தான் போட்டேன்.

அம்மா இறங்குதுறைக்கு வரவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். "போட்டு வாறன் அம்மா" என்றதற்குக் கையை மட்டும் நீட்டி என் முழங்காலைத் தொட்டார். அப்பா பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "இதென்ன இப்பிடிப் பாரம்," என்றபடி நடந்தார். லோஞ்சு கிளம்பியபோது நான் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூதூரில் பெரியம்மா பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். சட்டைகளுக்கெல்லாம் அடியில், படுக்கை விரிப்பில் சுற்றியபடி, எங்கள் குசினிப் பலகைக்கட்டை இருந்தது.

பெரியம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஐயோ மாதாவே! குசினிக் கட்டையையும் சேத்து அடுக்கியிருக்கிறாள். ஒருக்காலெண்டாலும் பிழைவிடாமச் செய்திட்டாள் எண்டு நினைச்சன்." பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது உள்ளே ஒன்று தோன்றியது: வீட்டில் எனக்கென்று இருந்த இடமும் பெட்டியோடு வந்துவிட்டது. இனி அங்கே எனக்கு இருக்க இடமில்லை.

பெரியம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. நேரத்துக்குச் சாப்பாடு தந்தார், தலையை இறுக்கிப் பின்னிவிட்டார், எனக்குச் சளி பிடித்தபோது நெஞ்சில் எண்ணெய் தேய்த்தார். அவருடைய வீட்டில் ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருந்தது. பலகைக்கட்டை தேங்காய் துருவும் மூலைக்குப் போனது. மழை வந்தது. கடல் சேற்று நிறமாகி இறங்குதுறையில் அடித்தது, லோஞ்சு நின்றது. சில நாள் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் துறைமுகத்தில் கப்பல் ஊதுவது மெல்லக் கேட்கும். அப்பா படகில் நிற்பார், அம்மா வீட்டின் நடுவில் நிற்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

கடல் அடங்கி லோஞ்சு ஓடத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை, படலையடியில் அம்மா நின்றார். தனியே. அவர் தனியே எங்கும் போய் நான் கண்டதில்லை. ஒரு காலில் தோல் செருப்பு, மற்றக் காலில் றப்பர் செருப்பு.

"செருப்பைப் பாரடி!" என்றார் பெரியம்மா.

அம்மா குனிந்து பார்த்தார். "ஓ," என்று சிரித்தார். "பிள்ளையைக் கூட்டிப்போக வந்தனான் அக்கா."

"ஏன், வேலைக்கு ஆளில்லாமக் கஷ்டமாக் கிடக்கோ?"

"அவள் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

"பிறகேன்?"

"இருக்கட்டும்."

"இருந்து?"

அம்மா செருப்பைப் படியில் கழற்றினார். நேரே குசினிக்குள் போனார். துருவிய தேங்காய்ப்பூவைத் தட்டிவிட்டுப் பலகைக்கட்டையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டார். "இது எங்கட," என்றார்.

"லோஞ்சில இடம் கிடைக்காதெண்டு ஆசனமும் கொண்டுபோறாள்," என்று பெரியம்மா பகிடி விட்டார். ஆனாலும் தடுக்கவில்லை. என் பெட்டியை அவரே அடுக்கித் தந்தார். வழி முழுவதும் அம்மா பலகைக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். காற்றில் அவருடைய தலைமயிர் என் முகத்தில் அடித்தது. ஏன் அனுப்பினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது அப்படியே பழகிப்போயிற்று.

கலியாணம் கட்டும்வரை பின்னேரங்களில் அந்தக் கட்டையில் நான் இருந்தேன். பிறகு சண்டை நடந்த கெட்ட காலத்தில் வீட்டை விட்டு ஓடும்போது அது அங்கேயே தங்கிவிட்டது. வீடும் இல்லை, அந்த இடத்தில் இப்போது கடைக்காரர் ஒருவரின் களஞ்சிய அறை நிற்கிறது. பெரியம்மா போனார், அப்பா போனார், கடைசியாக அம்மாவும் போனார். என் கடைக்குட்டி பிறந்தது அதற்குப் பிறகுதான்.

அவளுக்கு இப்போது பதினொரு வயது. கேட்டால் எல்லாம் தெரியும், பாடத்தை வாயால் சொல்வாள். எழுதச் சொன்னால் பென்சிலைத் தேடப் போவாள். தேடப் போன இடத்தில் பூனையைக் காண்பாள். புத்தகப் பையை அடுக்கச் சொன்னால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு நடுவில் நிற்பாள். எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் பின்னேரமானால், "மனம் வச்சா உனக்கு ஏலும்," என்று தொடங்குவார். அந்தச் சொல்லை அவர் எங்கே பொறுக்கினாரோ தெரியாது.

பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளம் வைத்தியர், பெண்பிள்ளை. மகளோடு தனியே நெடுநேரம் கதைத்து, விளையாட்டுக் காட்டி, பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"இவ சோம்பேறி இல்லை அம்மா. என்ன செய்யவேணும் எண்டு இவவுக்குத் தெரியும். தொடங்கிறது, ஒண்டுக்குப் பிறகு என்ன எண்டு மனசில பிடிச்சு வச்சிருக்கிறது, நடுவில வேற ஒண்டு வந்தாத் திரும்பி வாறது, அதுகள்தான் கஷ்டம். மூளையில அதைக் கொண்டு நடத்துற பகுதி இவவுக்கு மெல்லத்தான் வளருது."

"நாங்கள் வளர்த்த பிழையோ டொக்டர்?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லை. கனபேருக்கு அது பிறப்பிலயே வாறது, குடும்பத்தில ஓடும். குறைமாதத்தில பிறந்ததாலயும் வரலாம். தலையில அடி, மூளைக்குப் போன காய்ச்சல், அப்பிடியும் வரும். நல்லா இருக்கிறவைக்கும் நித்திரை இல்லாட்டி, பயத்தோடயே சீவிச்சா, மனம் சோர்ந்துபோனா அந்தக் கொண்டு நடத்துற பலம் குறைஞ்சுபோகும். ஒரு காரணம்தான் இருக்கவேணும் எண்டில்லை. உங்கட ஆக்களில ஆரும் இப்பிடி இருந்தவையோ?"

"இல்லை," என்றார் அவர்.

"என்ர அம்மா," என்றேன் நான். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அப்படி இடையில் கதைக்கிறவள் அல்ல. தொடங்கியதால் மற்றதையும் கேட்டுவிட்டேன். "அப்பிடிப்பட்ட ஆக்கள் ஏதாவது ஒண்டை மட்டும் குறையில்லாமச் செய்வினமோ?"

"செய்வினம். மனசை உலுப்புற விசயம் எண்டா, கடைசி நேரம் எண்டா, இருக்கிற பலம் முழுக்க எடுத்துச் செய்துபோட்டு விழுந்து படுப்பினம். அதைப் பாத்திட்டுத்தான் சனம் மனமில்லை எண்டு சொல்லுறது. பக்கத்தில ஒராள் இருந்தாலும் சிலருக்கு வேலை ஓடும். உதவி செய்யவேணும் எண்டில்லை, இருந்தாலே காணும். இவவோட இருந்து பாருங்கோ."

இருந்தாலே காணும். கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு எது காரணம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. பிறந்தபோதே இருந்ததோ, தெரியாது. சின்னவயதில் கடும் காய்ச்சலில் வலிப்பு வந்து பல நாள் கிடந்தவர் என்று பெரியம்மாவே சொல்வார்; சொல்லிவிட்டு அதே மூச்சில் சோம்பேறி என்பார். கப்பலுக்காக அப்பா எழும்பும் போதெல்லாம் அம்மாவும் எழும்புவார், பிறகு நித்திரை வராது. எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த மாதிரி விளங்கிக்கொள்வதென்றால், எங்கள் துறைமுகத்தைத்தான் நினைப்பேன். சாமான் நிரம்பிய கப்பல் வெளியே வந்து நிற்கும். வழிகாட்டும் பைலட் படகில் போய்க் கயிற்றேணியால் ஏறும்வரை உள்ளே வராது. கரையில் நிற்கும் யாரும் அந்தக் கப்பலைச் சோம்பேறி என்று சொன்னதில்லை.

ஆனாலும் முள் முழுவதும் வெளியே வரவில்லை. மனதை உலுப்பியதால் அடுக்கினார் என்றால், எது உலுப்பியது? நான் போகிறேனே என்ற துக்கமா, போய்த் தொலைகிறேன் என்ற நிம்மதியா? அதை அறிந்திருக்கக்கூடியவர் ஒருவர்தான் மிச்சம். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து வீட்டு மாமி இப்போது அங்கே மகளோடு இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது, குரலில் ஒன்றும் குறையவில்லை.

"ஆரு? மாதாவுக்குக் கூறை விரிச்ச வூட்டுப் புள்ளயா? வா மகள், வா!"

தேத்தண்ணி குடித்து, எல்லோரையும் சுகம் விசாரித்து, மழை பற்றிக் கதைத்து முடித்தும் எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில்தான் கேட்டேன்.

"மாமி, நான் மூதூருக்குப் போகேக்க அம்மா எப்பிடித் தனிய அந்தப் பெட்டியை அடுக்கினவ?"

"தனியவா?" மாமி சிரித்தார். "வெள்ளிக்கிழம காலம்பற கடப்பால வந்து நிண்டா. என்ன புள்ள எண்டு கேட்டன். 'என்னோட வந்து இருக்கிறியளா, ஒண்டும் செய்ய வேணாம், இருந்தாக் காணும்' எண்டா. போய் இருந்தன். ஜும்ஆ நாள், எங்கட அவருக்குச் சோறாக்கக்கூடப் போகல்ல. ஒவ்வொரு சட்டயா மடிப்பா, அழுவா, அவிழ்ப்பா, திரும்ப மடிப்பா. புள்ளய உட்டுட்டு இருப்பியா எண்டு கேட்டன். 'என்னட்ட இருந்தா அவளுக்கு ஒண்டும் நேரத்துக்குக் கிடைக்காது. அங்க எண்டாலும் நல்லா வரட்டும். பெட்டியில ஒரு குறையும் இருக்கப்படாது மாமி, அவளைச் சும்மா அனுப்பினன் எண்டு ஆரும் சொல்லப்படாது' எண்டா. நீ போனதுக்குப் பொறகு ரெண்டு நாள் எழும்பவே இல்ல. நான்தான் கஞ்சி குடுத்தன்."

மாமி என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கட்ட வச்சாவே, அது வந்து சேந்துதா?"

"வந்தது மாமி. பிழையா வச்சிட்டா எண்டு எல்லாரும் சிரிச்சவை."

"பிழையாவா! நான்தானே படுக்க விரிப்புல சுத்தக் குடுத்தன். இதெதுக்குப் புள்ள எண்டு கேட்டன். 'அவள் அங்க போய் எதில இருப்பாள்' எண்டு கேட்டா. என்னைத்தான் கேட்டா. நான் என்னத்தச் சொல்ல?"

பாலத்தால் திரும்பி வரும்போது கடல் இரண்டு பக்கமும் அசையாமல் கிடந்தது. நடத்துநர் இரண்டு தரம் கேட்ட பிறகுதான் காசு கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் அறையின் நடுவில் நின்றாள். பை கவிழ்ந்திருந்தது, கொப்பிகள் நாலு பக்கமும் கிடந்தன. முன்அறையிலிருந்து வீட்டுக்காரர் தொடங்கினார். "மனம் வச்சா..."

"விடுங்கோ," என்றேன். அவர் நிறுத்திவிட்டார், என் குரல் அவருக்குப் புதிதாக இருந்திருக்கும்.

சேலையை மாற்றாமலேயே சுவரோரம் நிலத்தில் இருந்தேன். மகள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"நீங்கள் அடுக்கித் தரப்போறியளோ அம்மா?"

"இல்லை."

"ஏசப்போறியளோ?"

"இல்லை."

"அப்ப என்ன செய்யப்போறியள்?"

"ஒண்டும் செய்யேல்லை," என்றேன். "இருக்கிறன்."

கொப்பிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் காலடியில் கிடந்த கணிதக் கொப்பியை எடுத்தாள்.